வேலூரைச் சுற்றி எரிமலை உண்டா?

2021 நவம்பர் 29 அன்று விடியற்காலையில் வேலூருக்கு மேற்கே நிலம் லேசாக அதிர்ந்தது. அளவு 3.6. அடுத்த மாதமும் பேரணாம்பட்டு பக்கம் சின்னச் சின்ன அதிர்வுகள். இப்படி நிலம் ஆடும்போதெல்லாம் "கீழ எரிமலை ஏதாவது இருக்குமோ?" என்ற கேள்வி கூடவே கிளம்பிவிடுகிறது.

கேள்வி புதிதல்ல. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டலடிக்கும் சொலவடை ஒன்று உண்டே, அதில் வருகிற மொட்டை மலைகளை அக்னி நட்சத்திர வெயிலில் பார்த்தால் இவை ஒரு காலத்தில் எரிந்து அடங்கியவைதான் என்று யாருக்கும் தோன்றும். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையை அணைந்துபோன எரிமலை என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அக்னித் தலம் என்பது பக்தியின் கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. கல்லின் கணக்கு வேறு.

நேராகவே சொல்லிவிடுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று பிரிந்து நிற்கும் பழைய வட ஆற்காட்டில் எரிமலை எதுவும் இல்லை. நம் மலைகளில் பெரும்பாலானவை சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய கருங்கல் வகைகள், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகி, மேலே இருந்தது தேய்ந்து போனதால் வெளியே தெரிபவை. வெயிலுக்கும் பாதாளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பூமிக்குள்ளிருந்து மேலே வரும் சூடு சதுர மீட்டருக்கு 0.1 வாட்டுக்கும் குறைவு. உச்சி வெயில் கொண்டுவருவது 1,000 வாட் வரை.

ஆனால் எரிமலைக்கு மூலப்பொருளான உருகிய பாறை இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறது. ஓரிடத்தில் வெளியே கொட்டியிருக்கிறது. மற்ற இடங்களில் பாதி வழியில் நின்று இறுகிப்போயிருக்கிறது. உலகம் முழுக்கவே உருகிய பாறையில் பெரும்பகுதி வெளியே வருவதே இல்லை. வெடித்த மலைகளைப் பற்றி மட்டும் படித்தால் கதையின் கடைசி அத்தியாயம்தான் தெரியும். அதனால் கீழிருந்தே ஆரம்பிப்போம்.

மூன்று கிலோமீட்டர் இறங்கினால்

நாம் நிற்கும் கெட்டியான மேல்பகுதி புவி மேலோடு. கண்டங்களுக்குக் கீழே இது 35, 40 கிலோமீட்டர் தடிமன் இருக்கும். கடலுக்கு அடியில் ஏழெட்டு கிலோமீட்டர்தான். அதற்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம். அதற்கும் உள்ளே இரும்பு மிகுந்த கருவம், அதன் வெளிப்பகுதி திரவ நிலையில் இருக்கிறது.

பாடப்புத்தகப் படங்களில் கவசத்துக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். அதைப் பார்த்தே வளர்ந்ததால், காலுக்கு அடியில் ஒரு நெருப்புக் கடல் கொதித்துக்கொண்டிருக்கிறது, எங்கே ஓட்டை விழுந்தாலும் அது எரிமலையாகிவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. கவசம் அநேகமாக முழுவதும் திடமான கல். நன்றாகச் சூடேறிய கல், லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகரக்கூடிய கல், ஆனாலும் கல்தான். எரிமலைக்கு வரும் குழம்பு கருவத்திலிருந்தும் வருவதில்லை. பெரும்பாலும் மேல் 150 கிலோமீட்டருக்குள், சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும், அங்கேயும் கல்லில் ஒரு சிறு பங்குதான் உருகுகிறது.

இதற்கான சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வேலைக்குப் போன இடம் கோலார் தங்கவயல், எல்லோரும் சொல்கிற கேஜிஎஃப். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது. 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தின் அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பினால்தான் ஆட்கள் நிற்கவே முடியும். கொடுமையான இடம்தான். ஆனால் கல் உருக 700 டிகிரியாவது வேண்டும், சில வகைக் கற்களுக்கு 1,200. உலகச் சராசரியாக ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் சூடு 25 முதல் 30 டிகிரி கூடும். தென்னிந்தியாவின் பழம்பாறைப் பகுதியில் அதைவிடவும் குறைவாகவே கூடுகிறது. ஆயிரம் அடி போர் போடுகிற நம் ஆட்கள் தொடும் ஆழம் கேஜிஎஃப் ஆழத்தில் பத்தில் ஒரு பங்குதான். தண்ணீர் வருமா என்பதுதான் அங்கே கவலை, குழம்பு வருமா என்பதல்ல.

கல் எப்படி உருகுகிறது

கவசத்தின் மேற்பகுதியில் 1,300 டிகிரி சூட்டிலும் கல் உருகாமல் இருக்கக் காரணம் அழுத்தம். மேலே கிடக்கும் பாறையின் பாரம் அதை உருக விடாது. அப்படியானால் உருக்குவதற்கு மேலும் சூடேற்ற வேண்டியதில்லை, பாரத்தைக் குறைத்தாலே போதும். பூமியின் மேலோடும் அதை ஒட்டிய கவசமும் சேர்ந்து பல பெரிய தட்டுகளாக உடைந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டு தட்டுகள் விலகும் இடத்தில் கீழே உள்ள சூடான கல் மேலே எழுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. ஒரு கட்டத்தில் உருக ஆரம்பிக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே நீளமாக ஓடும் கடலடி மலைத்தொடர் இப்படி உருவானதுதான். அது தண்ணீருக்கு மேல் தலைகாட்டும் இடம் ஐஸ்லாந்து. ஹவாய் தீவுகள் தட்டின் விளிம்பில் இல்லை, நட்டநடுவில் இருக்கின்றன. அங்கே ஆழத்திலிருந்து வழக்கத்தைவிடச் சூடான கல் எழுந்து வருகிறது. அந்த மாதிரி இடத்துக்கு வெப்பப் புள்ளி என்று பெயர்.

இன்னொரு வழிதான் எனக்கு ஆச்சரியமாகத் தோன்றுவது. கல்லை உருக்குவதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. கடல் தட்டு ஒன்று பக்கத்துத் தட்டின் கீழே சொருகிக்கொண்டு இறங்கும்போது, அதன் கனிமங்களுக்குள் சிக்கியிருக்கும் நீரும் கூடவே இறங்குகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் சூடு தாங்காமல் அந்த நீர் பிரிந்து, மேலே உள்ள கவசக் கல்லுக்குள் கசிகிறது. நீர் கலந்த கல், காய்ந்த கல்லைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, சிலி என்று பசிபிக்கைச் சுற்றியும் அதை ஒட்டியும் எரிமலைகள் வரிசைகட்டி நிற்பது இதனால்தான்.

இந்த வகை எரிமலை ஒன்று இந்தியாவுக்கும் உண்டு. போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில், ஆள் குடியில்லாத பாரன் தீவு. இந்தியத் தட்டு அந்தமானுக்குக் கீழே சொருகும் கோட்டில் அது இருக்கிறது. 1787இல் அது வெடித்ததற்குப் பதிவு உண்டு. பிறகு 150 ஆண்டுகளுக்கு மேல் சத்தமில்லாமல் கிடந்து, 1991இல் மறுபடி வெடித்தது. அதற்கப்புறம் அவ்வப்போது புகைந்துகொண்டும் கக்கிக்கொண்டும் இருக்கிறது. நாட்டில் இன்று செயல்படும் எரிமலை அது ஒன்றுதான்.

வட ஆற்காடு இந்தியத் தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. தட்டு விலகும் விளிம்பும் சொருகும் விளிம்பும் வெகு தூரம், கீழே வெப்பப் புள்ளியும் இல்லை. அப்படியானால் அந்த அதிர்வுகள்? தட்டு நகரும்போது அதன் உடம்பு முழுக்க இறுக்கம் ஏறுகிறது. பழைய பாறையில் எப்போதோ விழுந்த பிளவுகள் அந்த இறுக்கத்தில் எப்போதாவது கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கின்றன. அதற்கு உருகிய கல் எதுவும் தேவையில்லை.

கோலி சோடா

உருகிய கல் பூமிக்குள் இருக்கும்வரை அதை மேக்மா என்பார்கள், பாறைக்குழம்பு என்றும் சொல்வதுண்டு. அதே குழம்பு வெளியே வந்துவிட்டால் லாவா. சுற்றியுள்ள கல்லைவிட எடை குறைவு என்பதால் மேக்மா மேலே ஏறப் பார்க்கும். வழியில், தரைக்குச் சில கிலோமீட்டர் கீழே, தேங்கும் இடம் மேக்மா அறை. அறை என்றதும் திரவம் நிறைந்த ஒரு கூடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் அது பாதி உறைந்த படிகங்களும் இடையிடையே குழம்புமாகக் கிடக்கும் இடம். அங்கிருந்து மேலே வரும் பாதை குழாய். அது தரையைத் தொடும் துளை, அதைச் சுற்றிய குழி, இரண்டும் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் எரிமலை வாய். பெரிய வெடிப்பில் அறை காலியாகி, மேலே இருந்த மலையே உள்ளே சரிந்து விழுந்தால் வாயைவிடப் பல மடங்கு அகலமான பள்ளம் மிஞ்சும். அதற்குக் கால்டெரா என்று பெயர்.

இதுவரை வந்தது வெறும் குழாய் வேலை. எரிமலையை எரிமலையாக்குவது வாயு.

மேக்மாவில் நீர், கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் கரைந்திருக்கின்றன, அதிகம் நீர்தான். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். புட்டிக்குள் வாயு அழுத்தத்தில் கரைந்து கிடக்கும்வரை பார்வைக்கு வெறும் தண்ணீர். கோலியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிய நொடியில் அழுத்தம் போய், வாயு குமிழி குமிழியாகப் பிரிந்து, நுரையோடு பொங்கி மேலே வருகிறது. மேக்மாவும் மேலே ஏற ஏற, மேலிருக்கும் பாரம் குறைந்து, கரைந்திருந்த வாயு பிரிகிறது. பிரிந்த வாயு நூற்றுக்கணக்கான மடங்கு விரிகிறது. குழம்பை வெளியே தள்ளுவது அந்த விரிவுதான்.

சோடாவில் குமிழி சுலபமாகத் தப்பித்துவிடும், தண்ணீர் அவ்வளவு இளகியது. மேக்மாவில் அது குழம்பின் பிசுபிசுப்பைப் பொறுத்தது, பிசுபிசுப்பை முடிவு செய்வது சிலிக்கா, அதாவது மணலின் முக்கியப் பொருள். சிலிக்கா எடையில் ஏறக்குறைய பாதி இருந்தால் அது பசால்ட் வகைக் குழம்பு. 1,100, 1,200 டிகிரிச் சூட்டில் வருகிற அது நன்றாக ஓடும், வாயு எளிதில் வெளியேறிவிடும். ஹவாயில் லாவா ஆறாக ஓடுவதை மக்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பது இதனால்தான். சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டினால் ரையோலைட். சூடு 700, 800 டிகிரிதான், ஆனால் அசையவே அசையாத கெட்டி. குமிழிகள் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. அழுத்தம் ஏறி ஏறி, கடைசியில் குழம்பு முழுவதும் துகள் துகளாகக் கிழிந்து வெடிக்கிறது. நடுவில் 60 சதவீதத்தை ஒட்டி இருப்பது ஆண்டிசைட். தட்டு சொருகும் இடங்களில் அதுதான் அதிகம். ஆக, சூடு அதிகமான குழம்பு பெரும்பாலும் சாதுவானது, சூடு குறைந்ததுதான் பயங்கரம்.

வெளியே வருபவை

சினிமாவில் எல்லோரும் லாவாவைக் கண்டு ஓடுவார்கள். உண்மையில் லாவாவால் சாகிறவர்கள் மிகக் குறைவு. வீட்டை விழுங்கும், சாலையை மூடும், ஆனால் பெரும்பாலும் ஆள் நடந்தே தப்பிக்கிற வேகம்தான் அதற்கு. அது உறைந்த தோற்றத்துக்கு ஹவாய் மக்கள் வைத்த பெயர்களே உலகப் பெயர்களாகிவிட்டன: வழவழப்பாகச் சுருண்டு உறைந்தால் பாஹோயிஹோயி, கரடுமுரடாக உடைந்து உறைந்தால் ஆஆ.

கொல்வது மற்றவை. முதலில் சாம்பல். விறகுச் சாம்பலைப் போல இது எதுவும் எரிந்து மிஞ்சியதல்ல, கிழிந்த குழம்பு காற்றில் உறைந்த கண்ணாடித் துகளும் கல் பொடியும்தான். அளவு 2 மில்லிமீட்டருக்குக் கீழே. தண்ணீரில் கரையாது, ஈரமானால் கனக்கும். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தபோது அதே நாளில் புயலும் மழையும் வந்தன. சாம்பல் நனைந்து, கூரைகள் இடிந்தன. அங்கே இறந்தவர்களில் பலர் கூரை விழுந்து இறந்தவர்கள். விமான இன்ஜினுக்குள் போனால் இந்தக் கண்ணாடி உருகி ஒட்டிக்கொள்ளும். 2010இல் ஐஸ்லாந்து எரிமலை ஒன்றுக்காக ஐரோப்பாவில் நாள்கணக்கில் விமானங்கள் நின்றது அதனால்தான். 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி எரிமலைச் சாம்பல் அரபிக்கடலைத் தாண்டி டெல்லி வானம் வரை வந்து, இந்தியாவிலும் சில விமானங்கள் ரத்தாயின.

சாம்பலைவிடப் பெரிய துண்டுகள் 64 மில்லிமீட்டர் வரை லபில்லி, அதற்கும் மேல் எரிமலைக் குண்டு. வாயு நிறைந்த குழம்பு நுரையாகவே உறைந்தால் நுரைக்கல், பியூமிஸ். தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது பைரோகிளாஸ்டிக் ஓட்டம். சூடான வாயு, சாம்பல், கல் மூன்றும் கலந்து, மேலே போகாமல் மலைச்சரிவோடு தரையை ஒட்டிப் பாய்வது. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல், சூடு சில நூறு டிகிரி. 1902 மே 8 அன்று கரீபியனில் மார்ட்டினிக் தீவின் பெலே எரிமலையிலிருந்து இறங்கிய அப்படி ஓர் ஓட்டம் செயின்ட் பியர் நகரத்தைச் சில நிமிடங்களில் முடித்தது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். பிழைத்த ஓரிருவரில் ஒருவர், தடித்த சுவர் கொண்ட சிறைக்குள் அடைபட்டிருந்த கைதி.

லஹார் என்பது எரிமலைச் சேறு. பழைய சாம்பலோடு மழைநீரோ உருகிய பனியோ கலந்து ஆற்றுப் படுகை வழியே இறங்கும். 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது. வெடிப்பு அப்படி ஒன்றும் பெரிதல்ல. ஆனால் உச்சியிலிருந்த பனி உருகி, சேறாகி, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பள்ளத்தாக்குகளில் ஓடி வந்து அர்மேரோ என்ற ஊரை மூடியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த ஊர் ஆபத்தில் இருப்பதைக் காட்டும் வரைபடம் அதற்கு முந்தைய மாதமே தயாராகியிருந்தது. இரண்டு மணி நேரம் என்பது மேட்டுக்கு நடந்து போகப் போதுமான நேரம். எரிமலை வரலாற்றில் என்னை அதிகம் கோபப்படுத்துவது இந்த நிகழ்ச்சிதான். பினாட்டுபோவில் நேர் எதிராக நடந்தது: வெடிப்பு பல மடங்கு பெரிது, ஆனால் முன்கூட்டியே கணித்து மக்களை அப்புறப்படுத்தியதால் ஆயிரக்கணக்கானோர் தப்பினார்கள்.

வெடிப்பின் அளவைச் சொல்ல 0 முதல் 8 வரை ஒரு குறியீடு இருக்கிறது. பெரிய வெடிப்புகளில் ஒவ்வொரு படிக்கும் வெளியே வந்த பொருளின் அளவு ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். ரூயிஸ் 3, பினாட்டுபோ 6, இந்தோனேசியாவில் 1815இல் வெடித்த தம்போரா 7. எட்டைத் தொட்டது சுமாத்ராவின் டோபா, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன். அதன் கால்டெராதான் இன்றைய டோபா ஏரி. அதன் சாம்பல் இந்தியா முழுக்க விழுந்தது. ஆந்திராவில் பழைய கர்னூல் மாவட்டத்து ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் படலத்தை இன்றும் மண்ணுக்குள் பார்க்கலாம். படலத்துக்குக் கீழேயும் மேலேயும் மனிதர்கள் செய்த கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக்காரர்கள் விளைவைக் கண்ணால் பார்த்த வெடிப்பு என்றால் அது 1883 ஆகஸ்ட் 27இன் கிரகடோவா. ஜாவாவுக்கும் சுமாத்ராவுக்கும் இடையே சுண்டா நீரிணையில் வெடித்த அதன் சத்தம் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் ரோட்ரிகஸ் தீவில் பீரங்கிச் சத்தம்போலக் கேட்டது. சுனாமியில் 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது வீசிய துகள்கள் வானில் பரவியதால், செப்டம்பரில் மெட்ராஸிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாக உதித்தது. மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதைக் கருவி வைத்து ஆராய்ந்து எழுதினார்; பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தை நிறுவியவர் அவர்தான். நம் காலத்தில் 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் வெடித்த கடலடி எரிமலையின் அழுத்த அலை சென்னையின் காற்றழுத்தமானிகளிலும் ஒரு துள்ளலாகப் பதிவானது.

மலையின் வடிவம்

ஓடும் பசால்ட் படிந்து படிந்து அகலமாக, சரிவு குறைவாக வளர்ந்தால் அது கேடய எரிமலை. ஹவாயின் மௌனா லோவா கடல்மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர் இருந்தும் பார்வைக்குப் படுத்தே கிடக்கும். லாவாவும் சாம்பலும் மாறி மாறி அடுக்கி எழுந்த கூம்பு, கூட்டு எரிமலை. ஜப்பானின் ஃபூஜி இந்த வகை. துண்டுகள் மட்டும் குவிந்தால் தழல் கூம்பு. மெக்சிகோவில் 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு விவசாயியின் சோளக்கொல்லையில் பிளவு விழுந்து முளைத்த பாரிகுடின் அப்படிப்பட்டது. ஓராண்டில் 300 மீட்டருக்கு மேல் வளர்ந்து, 1952இல் ஓய்ந்தது. நம் கொல்லையில் அப்படி முளைக்குமா என்று யாரும் பயப்பட வேண்டாம். அந்த வட்டாரம் ஏற்கனவே நூற்றுக்கணக்கான கூம்புகள் உள்ள எரிமலைப் பகுதி.

மலையே இல்லாமலும் எரிமலை உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் நிலம் நீளப் பிளந்து, பசால்ட் அடுக்கடுக்காகப் பரவியது. மிச்சமிருப்பதே ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர். மும்பை ரயிலில் போகிறவர்கள் புனே, லோனாவாலா பக்கம் படிக்கட்டாக நிற்கும் மலைகளைப் பார்த்திருப்பார்கள், அவை இந்த அடுக்குகள்தான். அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது இதே கல்லில்.

செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, அணைந்த எரிமலை என்ற பிரிவு பள்ளியிலேயே வந்துவிடும். அதை ரொம்ப நம்ப வேண்டாம். பினாட்டுபோ 1991க்கு முன் 500 ஆண்டு தூங்கியது. அதன் அடிவாரத்தில் இருந்த பலருக்கு அது எரிமலை என்பதே தெரியாது.

நம் பக்கத்துக் கற்கள்

இனி ஊருக்கு வரலாம். ஒரு கல் எங்கே உறைந்தது என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு: உள்ளே உள்ள மணிகளைப் பாருங்கள். ஆழத்தில் மெல்ல ஆறிய குழம்பில் படிகங்கள் வளர நேரம் கிடைக்கும், அதனால் மணி மணியாகக் கண்ணுக்குத் தெரியும். வெளியே வந்து சட்டென்று ஆறினால் மணி தெரியாது, மிக வேகமாக ஆறினால் கண்ணாடியே ஆகிவிடும். வேலூர்க் கோட்டைச் சுவரில் எந்தக் கல்லையும் கிட்டே போய்ப் பாருங்கள், மணி தெரியும். அது மேலே வந்து கொட்டிய லாவா அல்ல.

லாவாவைப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி கேஜிஎஃப்தான். தங்கம் இருந்த அந்தக் கருமையான பாறைப் பட்டை சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டிய பசால்ட், பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது. அங்கே பெத்தபள்ளியில் தலையணை லாவா இருக்கிறது. உருண்டு திரண்ட இந்த வடிவம் லாவா தண்ணீருக்குள் கொட்டினால்தான் வரும், ஆகவே அந்த இடம் அப்போது நீருக்கு அடியில் இருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்.

அடுத்து, பிளவுகளில் ஏறிப் பாதியில் நின்றுபோனவை. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் வெட்டி எடுக்கும் கருப்பு கிரானைட்டைச் சமையல் மேடையாகவும் கல்லறைப் பலகையாகவும் பார்த்திருப்பீர்கள். வியாபாரத்தில்தான் அது கிரானைட். உண்மையில் டாலரைட், பசால்ட் வகைக் குழம்பு செங்குத்தான பிளவுக்குள் புகுந்து, வெளியே வராமல் சுவராக உறைந்தது. அந்தச் சுவருக்கு டைக் என்று பெயர். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை இவை. சாம்பல் நிறக் கருங்கல் பாறையில் நேர்கோடாகக் கரிய கல் வரிசை ஓடினால் பெரும்பாலும் அதுதான்.

மூன்றாவது ஏலகிரி. பெங்களூரு ரயிலில் ஜோலார்பேட்டையில் நிற்கும்போது தெரிகிற அந்த மலையின் பெரும்பகுதி சயனைட் என்ற கல் (விஷமான சயனைடு அல்ல). சோடியம், பொட்டாசியம் மிகுந்த மேக்மா, 75, 80 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலேயே தேங்கி உறைந்தது. மேலே மூடியிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போக, உறைந்த மேக்மா மலையாக வெளிப்பட்டிருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மலையை வெட்டிய இடங்களில் நிறுத்திப் பார்த்தால் படிகங்கள் பளிச்சென்று தெரியும். ஏறக்குறைய ஒரு மேக்மா அறைக்குள் பஸ் போகிறது.

பக்கத்திலேயே, திருப்பத்தூருக்கு அருகில் சேவத்தூரில், அதே காலத்து விசித்திரம் ஒன்று இருக்கிறது: கார்பனடைட். சிலிக்காவே அதிகம் இல்லாமல், சுண்ணாம்புக் கல்லின் பொருளான கார்பனேட்டே உருகிக் குழம்பாகி உறைந்த கல். இன்று உலகில் இந்த வகை லாவாவைக் கக்கும் எரிமலை டான்சானியாவின் ஓல்டோனியோ லெங்காய் ஒன்றுதான். அதன் லாவா 500, 600 டிகிரிதான். பகலில் பார்த்தால் கருப்புச் சேறுபோல ஓடும், சில நாளில் வெளுத்துவிடும். சேவத்தூர்க் குழம்பு தரைவரை வந்து அப்படி ஓடியதா என்பதைக் காட்டக்கூடிய மேல்பகுதி எப்போதோ தேய்ந்து போய்விட்டது. இருப்பது ஆழத்தில் உறைந்த பகுதி. அதை ஒட்டிய பாறையில் வெர்மிகுலைட் கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதைத் தோண்டி எடுக்கிறது. சூடு காட்டினால் பல மடங்கு உப்பும் அந்தக் கனிமம் மாடித்தோட்டக் கலவைக்கும் வெப்பக் காப்புக்கும் போகிறது.